கோபுரம் யாருது? சரி, மலை யாருது?

தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிற கோபுரம் எந்த ஊர்க் கோபுரம்?

இந்தக் கேள்வியை ஸ்ரீவில்லிபுத்தூர்ல யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "இதுகூடத் தெரியாமத்தான் இஞ்சினியரிங் படிச்சீங்களா தம்பி?"ன்னு ஒரு பார்வை கிடைக்கும். பால்கோவா கடை போர்டுல இருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அந்தக் கோபுரம்தான். 11 நிலை, 192 அடி, வடபத்ரசாயி கோயில் ராஜகோபுரம். விவாதத்துக்கே இடமில்லை.

அதே கேள்வியை மதுரைக்காரர்கிட்ட கேட்டா வேற கதை. முத்திரையை 1949-ல் வரைந்த ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் மதுரைக்காரர். மீனாட்சி அம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தை வைத்துத்தான் அதை வரைந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். வரைந்தவரே சொன்னப்புறம் உங்களுக்கு என்னய்யா வாதம்னு மதுரைப் பக்கம் கேக்குறாங்க.

ஸ்ரீவி பக்கமும் சும்மா இல்லை. ரசிகமணி டி.கே.சி. யோசனை சொல்லி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைத் தேர்ந்தெடுத்தாங்க என்பது எங்க பக்கம் தலைமுறை தலைமுறையா சொல்ற கதை. அதோட இன்னொரு பாயிண்ட் வேற. ஸ்ரீவி கோபுரத்துல மத்த கோபுரங்கள் மாதிரி சுதைச் சிற்பங்கள் நெருக்கியடிச்சிட்டு இருக்காது. பெரும்பாலும் வெறும் கட்டட வடிவம்தான். அரசாங்க முத்திரைக்கு அதுதானே பொருந்தும்னு ஒரு லாஜிக்.

என் கூட வேலை பாக்குற ரெண்டு பேர், ஒருத்தன் ஸ்ரீவி, ஒருத்தன் மதுரை. ரெண்டு பேரும் முத்திரையை ஜூம் பண்ணி நிலைகளை எண்ணிட்டு இருந்தாங்க. "மாப்ள, மதுரைக் கோபுரத்துக்கு ஒன்பது நிலைடா, எண்ணு." "நீ முதல்ல கண்ணாடி போடு மாப்ள." நான் ராஜபாளையம்ங்கிறதால என்னை நடுவரா இருக்கச் சொன்னாங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், அதனால நான் ஸ்ரீவி கட்சின்னு மதுரைக்காரன் முன்னாடியே முடிவு பண்ணிட்டான் :-)

என் தீர்ப்பை இந்தப் பதிவுல எழுதுறேன். கொஞ்சம் சுத்தி வருவேன், அமெரிக்கா வரைக்கும் போவேன். பொறுத்துக்கோங்க.

*

அமெரிக்கா 1776-ல் சுதந்திரம் வாங்குச்சு. நாடு வந்தாச்சு, கொடி வந்தாச்சு, அரசியல் சாசனம் வந்தாச்சு. ஆனா "நாங்க யார்?"னு காட்டுறதுக்குக் கையில ஒண்ணும் இல்லை. இங்கிலாந்துக்காரனுக்குப் பழைய தேவாலயம் இருக்கு, கோட்டை இருக்கு. இத்தாலிக்காரனுக்கு ரோமாபுரியோட இடிபாடு இருக்கு. இவங்ககிட்ட அந்த மாதிரி எதுவும் கிடையாது. (அந்த மண்ணோட பூர்வகுடிகள்கிட்ட எல்லாமே இருந்துச்சு. அதை இவங்க கணக்குல எடுத்துக்கலை. அதுக்குப் பின்னாடி வர்றேன்.)

அப்ப வந்தவர்தான் தாமஸ் கோல். 1801-ல் இங்கிலாந்தின் போல்ட்டன்ல பிறந்து, பதினேழு வயசு வாக்கில் அமெரிக்கா போனவர். ஹட்சன் ஆத்தங்கரையையும் கேட்ஸ்கில் மலையையும் வரைய ஆரம்பிச்சார். 1836-ல் அமெரிக்க இயற்கைக் காட்சிகள் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அதோட சாரம் இதுதான்: நம்மகிட்ட பழைய கோபுரமும் இடிபாடும் இல்லைன்னு வருத்தப்படாதீங்க, நம்மகிட்ட காடும் மலையும் அருவியும் இருக்கு. மத்தவங்க நிலம் கடந்த காலத்தை ஞாபகப்படுத்தும், நம்ம நிலம் வருங்காலத்தைக் காட்டும்.

இதை ஒரு தரம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. கோபுரம் இல்லாதவன் மலையைக் கோபுரமாக்கிட்டான்!

அவருக்குப் பின்னாடி ஒரு பட்டாளமே வந்துச்சு. ஹட்சன் நதிப் பள்ளின்னு பேர் (பள்ளிக்கூடம்லாம் இல்லை, ஒரே பாணியில வரைஞ்சவங்களுக்கு வச்ச பேர்). ஃபிரெடரிக் சர்ச் 1857-ல் நயாகராவை வரைஞ்சார். ஜெர்மனியில பிறந்த ஆல்பர்ட் பியர்ஸ்டாட் ராக்கி மலைகளையும் யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் வரைஞ்சார். ஒரு ஓவியத்தைத் தனியா அறையில மாட்டி, திரை போட்டு, 25 சென்ட் டிக்கெட் வச்சு ஜனங்களை வரிசையில விட்டுக் காட்டினாங்க. சினிமா வராத காலத்துல அதுதான் சினிமா. முதல் நாள் முதல் ஷோ!

இதுல உச்சம்னா தாமஸ் மோரன். 1871-ல் ஹேடன் தலைமையில அரசாங்க ஆய்வுக் குழு ஒண்ணு யெல்லோஸ்டோன் போச்சு. அதோட மோரனும் போனார், வில்லியம் ஹென்றி ஜாக்சன்னு ஒரு போட்டோகிராபரும் போனார். இவங்க கொண்டு வந்த படங்களை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் பார்த்தாங்க. 1872 மார்ச் 1-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா சட்டத்துல அதிபர் கிராண்ட் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் மோரன் வரைஞ்ச பிரம்மாண்டமான யெல்லோஸ்டோன் பள்ளத்தாக்கு ஓவியத்தை நாடாளுமன்றமே 10,000 டாலர் கொடுத்து வாங்கித் தன் கட்டடத்துல மாட்டிக்கிச்சு. 7 அடி உயரம், 12 அடி அகலம்!

அந்த மோரன் எங்க பிறந்தார் தெரியுமா? அதே போல்ட்டன்! இங்கிலாந்துல ஒரே ஊர்ல பிறந்த ரெண்டு பேரும் ஒரு ஜெர்மன்காரரும் போய் அமெரிக்காவுக்கு "இதுதாண்டா உன் முகம்"னு காட்டியிருக்காங்க. மண்ணின் மைந்தர் வாதம் பேசுறவங்க இதைக் கொஞ்சம் நோட் பண்ணிக்கணும்.

அந்தப் படம் இன்னைக்கும் ஓடிட்டிருக்கு. நம்ம ஐடி மக்களுக்குச் சொல்லவே வேணாம். ஆப்பிள்காரன் 2013-ல் இருந்து தன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வச்ச பேரைப் பாருங்க: யோசெமிட்டி, எல் கேப்பிடன், சியரா, மொஹாவி, பிக் சர், சோனோமா, செக்கோயா... எல்லாமே கலிபோர்னியாவோட மலை, பாலைவனம், கடற்கரை, காடு. ஸ்கூல் லேப்ல விண்டோஸ் எக்ஸ்பி திறந்தா ஒரு பச்சைக் குன்று வருமே? அதுவும் சார்லஸ் ஓ'ரியர் 1996-ல் கலிபோர்னியாவுல எடுத்த போட்டோதான். ராஜபாளையத்துல ஜன்னலுக்கு வெளியே முழு மலைத்தொடரே நிக்குது, நாங்க எல்லாம் உள்ள உக்காந்து கலிபோர்னியாக் குன்றைப் பார்த்துட்டு எம்.எஸ். பெயின்ட்ல படம் வரைஞ்சோம்!

*

நிற்க. இப்ப முத்திரைக்கு வருவோம்.

மோரன் ஓவியத்துல ஒரு விஷயம் இருக்கு. அந்தப் படத்துல இருக்கிற காட்சியை நீங்க யெல்லோஸ்டோன்ல எந்த ஒரு இடத்துல நின்னும் அப்படியே பார்க்க முடியாது. பல இடத்துல இருந்து பார்த்ததை ஒண்ணாச் சேர்த்து வரைஞ்சிருக்கார். பியர்ஸ்டாட் இன்னும் மோசம், மலையை இஷ்டத்துக்கு உயரமாக்கிடுவார். அப்பவே விமர்சகர்கள் கிண்டல் பண்ணாங்க. ஆனா ஜனங்களுக்கு அது பெரிசாப் படலை. ஏன்னா அவங்களுக்கு வேண்டியது மலையோட அளவு இல்லை, "இது நம்முது"ங்கிற ஒரு உணர்ச்சி.

நம்ம முத்திரையும் அப்படித்தான். ஒரு ரூபாய் காசு அளவு வட்டத்துக்குள்ள, முன்னாடி அசோகத் தூண் சிங்கம், ரெண்டு பக்கமும் தேசியக் கொடி, பின்னாடி கோபுரம். அந்த அளவுக்குச் சுருக்கினப்புறம் நிலையை எண்ணி ஊரைக் கண்டுபிடிக்கிறது, ஐகானைப் பார்த்து அது எந்தக் கம்பெனி பிரிண்டர்னு கேக்குற மாதிரி. கோபுரம்னு ஒண்ணு அங்க நிக்குது, அவ்வளவுதான்.

இன்னும் சுவாரசியமான விஷயம் வருஷம். 1949-ல் தமிழ்நாடு கிடையாது! இருந்தது சென்னை மாகாணம். அதுல ஆந்திரக் கடற்கரை, ராயலசீமா, மலபார், தென் கன்னடம் எல்லாம் உண்டு. அந்த வருஷம் ஏப்ரல் வரைக்கும் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமர் (அப்ப மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வாங்க). அதுக்கப்புறம் 1952 வரைக்கும் இருந்தவர் பி.எஸ். குமாரசாமி ராஜா. எங்க ஊர்க்காரர்! வீட்டுல தெலுங்கு பேசுற ராஜாக்கள் சமூகம். ஆகமொத்தம் அன்னைக்கு அந்தக் கோபுரம் விசாகப்பட்டினத்துக்காரருக்கும், கோழிக்கோட்டுக்காரருக்கும், மங்களூர்க்காரருக்கும் சேர்த்துத்தான் முத்திரை.

1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா பிரிஞ்சது. 1956-ல் மலபாரும் தென் கன்னடமும் போச்சு, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்துச்சு. 1967-ல் ஆட்சி மாறுச்சு. 1969 ஜனவரி 14-ல் தமிழ்நாடுன்னு பேர் மாறுச்சு. சுத்தி இருக்கிற எழுத்தும் மாறி "தமிழ்நாடு அரசு", "வாய்மையே வெல்லும்"னு ஆச்சு. நடுவுல இருந்த கோபுரம் மட்டும் மாறவே இல்லை. கோயில் கோபுரம் மதச்சின்னமாச்சே, அரசாங்கத்துக்கு எதுக்குன்னு கேள்வி எழாமல் இல்லை. ஆனா பகுத்தறிவு பேசி வந்தவங்க ஆட்சியிலயும் அது எடுக்கப்படலை. ஏன்னா அதுக்குள்ள அது கோயில்ங்கிறதைத் தாண்டி "தமிழ்"னு ஆகிடுச்சு.

அதனால என் தீர்ப்பு: அந்தக் கோபுரத்தைத் தமிழ்க் கோபுரமா ஆக்கினது வரைஞ்ச கையும் இல்லை, மாடலா நின்ன கல்லும் இல்லை. அதுக்கப்புறம் அதைப் பார்த்த கண்ணுங்கதான். ரேஷன் கார்டு, பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ்னு எழுபது வருஷத்துக்கு மேல நம்ம வாழ்க்கையோட முக்கியமான காகிதத்துல எல்லாம் குத்திக் குத்தி அது நம்முது ஆகிடுச்சு. மதுரைக்காரர் மதுரைன்னு பார்க்கட்டும், ஸ்ரீவிக்காரர் ஸ்ரீவின்னு பார்க்கட்டும். தஞ்சாவூர்க்காரர் வேணும்னா மனசுக்குள்ள வருத்தப்படட்டும் :-)

*

ஆனா நான் இந்தப் பதிவை எழுத உக்காந்தது இதுக்கில்லை. கோபுரம் யாருதுன்னு இவ்வளவு சண்டை போடுற நாம, கோபுரத்துக்குப் பின்னாடி நிக்கிற மலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறதில்லையே, அது ஏன்?

சிவகாசி ரோட்டுல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாங்க. முன்னாடி கோபுரம், பின்னாடி மேற்கே நீலமா மலைத்தொடர். சென்னையில இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ்ல வர்றவங்க, ஸ்ரீவி தாண்டி ராஜபாளையம் வரைக்கும் வலது பக்க ஜன்னல்ல உக்காந்து பாருங்க. மழை பெய்ஞ்ச மறுநாள் காலையில மலை பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கும். மடிப்பு மடிப்பா, அருவி கோடு கோடா தெரியும். ஊட்டி, கொடைக்கானல் எதுக்குங்க?

இதை யார் வரைஞ்சிருக்காங்க?

நம்ம பக்கத்து நிலத்தை நிலக்காட்சியா, மேல்நாட்டு முறையில வரைஞ்சவங்கள்ல முன்னோடின்னா தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல்னு ரெண்டு இங்கிலீஷ்காரங்க. சித்தப்பாவும் பிள்ளையும். 1792-ல் மெட்ராஸ்ல இருந்து கிளம்பி தெற்கே வந்தாங்க. திருச்சி, மதுரை, பாபநாசம் அருவின்னு வரைஞ்சாங்க. 1795-ல் இருந்து 1808 வரை லண்டன்ல 144 படங்களா அச்சு வந்துச்சு. பாக்குறதுக்கு அருமையா இருக்கும். ஆனா அது லண்டன் வீட்டுச் சுவருக்காக வரைஞ்சது. "நாங்க பிடிச்ச நாடு எப்படி இருக்கு பார்"னு அவங்க ஆளுக்குக் காட்டுறதுக்கு.

சரி, நம்ம வீட்டுச் சுவர்ல என்ன இருந்துச்சு? காலண்டர்! அதுவும் எங்க பக்கத்துல இருந்து போனதுதான். கோவில்பட்டி கொண்டையராஜு (1898 – 1976) நாடகக் கம்பெனிக்கு சீன் வரைஞ்சு, அப்புறம் சாமி படம் வரைய வந்தவர். அவரும் அவர் சீடர்களும் வரைஞ்சது சிவகாசியில அச்சாகி தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் போச்சு. நம்ம தாத்தா பாட்டி கும்பிட்ட முருகனும் லட்சுமியும் பெரும்பாலும் இவங்க கைவண்ணம்தான்.

அடுத்த தடவை அந்தப் படத்தைப் பார்த்தா சாமியை விட்டுட்டுப் பின்னாடி பாருங்க (சாமி கோச்சுக்காது). பனி மூடின மலை, அன்னம் நீந்துற ஏரி, ஏதோ சுவிட்சர்லாந்து அருவி. நாடகத் திரையில இருந்து வந்த பின்னணி. அழகுதான், குறை சொல்லலை. ஆனா வரைஞ்சவங்களுக்குக் கோவில்பட்டிக் கரிசக்காடு தெரியும், அச்சடிச்சவங்களுக்குச் சிவகாசிப் பொட்டல் தெரியும், கொஞ்சம் தள்ளி மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும். அது எதுவும் படத்துக்குள்ள வரலை. சாமி நிக்கிற அளவுக்கு நம்ம மண்ணு அழகில்லைன்னு எல்லாருக்கும் ஒரு நினைப்பு போல.

இன்னொரு உதாரணம். எந்தத் தமிழ்க் குழந்தைகிட்ட வேணும்னாலும் "இயற்கைக் காட்சி வரை"ன்னு சொல்லுங்க. ரெண்டு முக்கோண மலை, நடுவுல சூரியன் உதிக்கும், கீழ வளைஞ்சு வளைஞ்சு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், நாலு காக்கா. பாஸ் மார்க் கியாரண்டி. எங்க ஊர்ப் பிள்ளைங்களும் இதைத்தான் வரையும். அந்த மலைத்தொடர் எங்களுக்கு மேற்கே இருக்கு சாமி! அங்க சூரியன் மறையும், உதிக்காது! தினமும் சாயங்காலம் கண்ணு முன்னாடி மலைக்குப் பின்னாடி இறங்குற சூரியனைப் பார்த்துட்டு, நோட்டுல மட்டும் மலைக்கு நடுவுல உதிக்க வைக்குது பிள்ளை. பார்த்ததை வரையிறதில்லை, படத்தைப் பார்த்துப் படம் வரையிறது.

(மலைக்கு நடுவுல சூரியன் உதிக்கிற தேர்தல் சின்னம் ஒண்ணும் இருக்கு. கட்சி பேசலைங்க. ஒரு நிலக்காட்சிக்கு இந்த ஊர்ல ஓட்டு வாங்குற சக்தி உண்டுன்னு மட்டும் சொல்றேன்.)

*

"படம் வரையலைன்னா என்ன குடி முழுகிடுச்சு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி.

படம் இருந்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு யெல்லோஸ்டோன் சாட்சி. ஜனங்க நேர்ல போய்ப் பார்க்காத இடத்தை, படத்தைப் பார்த்துட்டு "இது நம்மது, விக்கக் கூடாது"ன்னு முடிவு பண்ணாங்க. படம் மட்டுமே காரணம்னு சொல்லலை. ரயில்வே கம்பெனிக்கு டூரிஸ்ட் வரணும்னு ஒரு கணக்கு இருந்துச்சு, அறிவியல் ஆய்வு இருந்துச்சு. ஆனா முகம் கொடுத்தது படம்.

எங்க மலைக்கு முகம் இல்லை. செண்பகத்தோப்புப் பக்கம் இருக்கிற சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயம் வந்துச்சு. 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தா அறிவிச்சப்ப, 39 இடங்கள்ல ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயமும் ஒண்ணு. 2021 பிப்ரவரியில ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் வந்துச்சு, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல, தமிழ்நாட்டுல அஞ்சாவது. இவ்வளவு பெரிய விஷயம். எங்க ஊர்ல "உலகப் பாரம்பரியச் சொத்து பக்கத்துல குடியிருக்கோம்"னு யாராவது பெருமையாச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப (2019) நடந்த கொண்டாட்டத்துல பத்துல ஒரு பங்கு? ம்ஹூம்.

கோபுரத்து மேல ஒரு செடி முளைச்சா நாம பதறுவோம், பதறவும் வேணும். மலையில தீ பிடிச்சு ராத்திரி செவப்புக் கோடா எரியறதை மொட்டை மாடியில நின்னு வேடிக்கை பார்ப்போம். கோபுரம் நம்ம அடையாளம், மலை சும்மா பின்னாடி இருக்கிற ஒண்ணு. எங்க ஊருக்குத் தண்ணி அங்க இருந்துதான் வருது, கண்மாய் நிறையறது அந்த மழையிலதான்ங்கிறது ஞாபகத்துக்கு வர்றதில்லை.

*

இவ்வளவும் சொல்லிட்டு "அமெரிக்காக்காரன் மாதிரி நாமளும் பண்ணுவோம்"னு முடிச்சா அது அரைகுறை. ஏன்னா அந்தப் படங்கள்ல ஒரு பெரிய பொய் இருக்கு.

பியர்ஸ்டாட் யோசெமிட்டிக்கு முதல் தடவை போனது 1863-ல். அவர் வரைஞ்ச பள்ளத்தாக்கு கடவுள் அன்னைக்குக் காலையிலதான் செஞ்சு வச்ச மாதிரி இருக்கும். தங்க வெளிச்சம், ஆள் அரவமே இல்லை. ஏன் இல்லை? அதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடி, 1851-ல், மரிபோசா பட்டாளம்னு ஒரு ஆயுதப்படை உள்ள புகுந்து அங்க குடியிருந்த அவானிச்சி மக்களை ஊரைக் கொளுத்தி விரட்டியிருந்துச்சு. யெல்லோஸ்டோன்லயும் ஷோஷோனி மக்கள் வாழ்ந்தாங்க, குரோ, பிளாக்ஃபீட் மக்கள் வந்து போனாங்க. பூங்கா வந்தப்புறம் அவங்களை வெளியேத்திட்டு, "அவங்க வெந்நீர் ஊற்றைப் பார்த்துப் பயந்து இந்தப் பக்கமே வர மாட்டாங்க"ன்னு கதை வேற கட்டினாங்க.

மனுஷனே தொடாத நிலம்ங்கிறது, மனுஷனைத் துடைச்சு எடுத்த நிலம். தேசிய அடையாளத்துக்கான நிலக்காட்சியில இந்த ஆபத்து எப்பவும் உண்டு. யாரோட அடையாளம்ங்கிற கேள்வி வந்தா, தூரிகை முதல்ல ஏழையைத்தான் அழிக்கும்.

எங்க மலை காலியா இல்லை. செண்பகத்தோப்புலயும், ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் பக்கமும் பளியர் மக்கள் இருக்காங்க. தேன் எடுக்கிறது, கிழங்கு எடுக்கிறது எல்லாம் அந்த மலையில. கோபுரம் கட்டுறதுக்கு முன்னாடியே அந்த மலையை அறிஞ்சவங்க. புலிகள் காப்பகம் நல்ல விஷயம், நான் முழு ஆதரவு. ஆனா "காடுன்னா மிருகமும் மரமும் மட்டும்"னு ஒரு படம் மனசுல இருந்தா, அந்த மக்கள் ஃபிரேமுக்கு வெளிய போயிடுவாங்க. காட்டுல வாழ்றவங்களுக்கு உரிமை கொடுக்க 2006-லயே வன உரிமைச் சட்டம் வந்தாச்சு. சட்டப் புத்தகத்துல இருக்கிறவங்க நம்ம கற்பனையிலயும் இருக்கணும்.

இந்த இடத்துலதான் நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கிற சரக்கு அமெரிக்காக்காரன் சரக்கைவிட ஒசத்தின்னு நினைக்கிறேன். திணை! பத்தாம் கிளாஸ்ல ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணி மறந்துட்டோமே, அதேதான். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். நிலமும் பொழுதும் மட்டும் வரைஞ்சா படம் பாதிதான். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் சேரணும். அப்புறம் அந்த மனுஷங்க மனசுல ஓடுற உணர்ச்சியும் சேரணும். அப்பதான் அது குறிஞ்சி. குறவர் இல்லாத குறிஞ்சி கிடையாது, ஆயர் இல்லாத முல்லை கிடையாது. ஆளே இல்லாத பாலைவனம் மாதிரி தோணுற பாலைக்குக்கூட எயினர் உண்டு.

அதாவது, ஆளைத் துடைச்சுட்டு மலையை மட்டும் மாட்டுறது நம்ம மரபுப்படி தப்பான படம். இந்த இலக்கணத்தை வச்சிருந்தவங்க ஒரு கோடு கூட அந்த மாதிரி வரையாம, காலண்டர்ல சுவிட்சர்லாந்தையும் ஸ்கிரீன்ல கலிபோர்னியாவையும் வச்சுக்கிட்டது கொஞ்சம் வேடிக்கைதான்.

*

முத்திரையை மாத்தச் சொல்லலை. அது இருக்கட்டும், அழகா இருக்கு. மலையையும் உள்ள நுழைக்கணும்னு மனு போடச் சொல்லலை (அப்புறம் நீலகிரியா, பொதிகையா, எங்க மலையான்னு இன்னும் எழுபது வருஷச் சண்டை ஓடும்).

நான் கேக்குறது சின்ன விஷயம். எங்க பக்கத்துப் பள்ளிக்கூட ட்ராயிங் சார், டீச்சர்லாம் இதைப் படிச்சா, ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் மேற்கே பார்த்து உக்கார வைங்க. முக்கோணம் போடாதே, அங்க என்ன வளைவு இருக்கோ அதைப் போடுன்னு சொல்லுங்க. மில் புகைபோக்கி தெரிஞ்சா அதையும் போடட்டும். செல்போன் டவர் தெரிஞ்சா அதையும் போடட்டும். மாடு மேய்க்கிறவர், தேன் விக்க வந்த பளியர் அம்மா, மாந்தோப்புக் காவக்காரர் எல்லாரும் வரட்டும். சூரியன் மறையட்டும். அம்பது பிள்ளைங்க வரைஞ்சா அஞ்சு படமாவது தேறும். அதை நகராட்சி ஆபீஸ்லயோ, ரயில்வே ஸ்டேஷன்லயோ மாட்டலாம். 10,000 டாலர்லாம் வேணாம், ஒரு பிரேம் காசு போதும்.

அந்தப் பிள்ளைங்கள்ல ஒண்ணு நாளைக்கு கலெக்டராவோ, வனத்துறையிலயோ, குறைஞ்சபட்சம் என்னை மாதிரி எங்கயோ உக்காந்து கோட் அடிச்சுட்டோ இருக்கும்போது, மலையை வெட்டணும்னு ஒரு ஃபைல் வந்தா, தான் கையால வரைஞ்ச வளைவு ஞாபகம் வரும். ஒரு நாடே அப்படித்தான் தன் மலையைக் காப்பாத்திக்கிச்சு. அவங்க விட்ட தப்பையும் சேர்த்துத் தெரிஞ்சுக்கிட்டே நாம ஆரம்பிக்கலாம்.

உங்க ஊர்ல இந்த மாதிரி யாரும் வரையாத மலையோ, ஏரியோ, கரிசக்காடோ இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. தெரிஞ்சுக்கிறேன்.

டிஸ்கி: மதுரை நண்பர்கள் ஆட்டோ அனுப்ப வேண்டாம். தீர்ப்புல நான் ரெண்டு பக்கமும் சாயலை. ஸ்ரீவி நண்பர்கள் அடுத்த தடவை ஊர்ல இருந்து வரும்போது அரைக் கிலோ பால்கோவா கொண்டு வந்தா மேல்முறையீட்டைப் பரிசீலிக்கலாம் :-)